ரோஜரின் சின்னப் பாட்டி

என்விரான்மென்டல் சயின்ஸ் பேப்பரில் ரேச்சல் கார்சன் என்றால் ரெண்டு மார்க். 'சைலன்ட் ஸ்ப்ரிங்', 1962, டிடிடி. இந்த மூணையும் எழுதினா போதும், அடுத்த கேள்விக்குப் போயிடலாம். நாலு வருஷத்தில் அவரைப் பற்றி நாம கேள்விப்படுறது பெரும்பாலும் அவ்வளவுதான். நெட்டில் தேடினால் பைனாகுலரோடு நிற்கும் ஒரு படம் வரும். சரி, பறவைகளுக்காக எழுதினவங்க போல என்று முடிவு பண்ணிடுவோம்.

பறவைகள் அந்தப் புத்தகத்தில் நிறையவே இருக்கு. ஆனால் அதில் ஒரு வீடும் இருக்கு. சமையலறை அலமாரி, துடைத்த தரை, அதில் தவழும் குழந்தை. அதை எழுதிய காலத்தில் அவர் வீட்டிலும் ஒரு சின்னப் பையன் ஓடிக்கொண்டிருந்தான். எனக்கு ஆர்வம் வந்தது அந்தப் பையனால்தான்.

1907 மே 27-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் பிறந்தார் ரேச்சல். அலிகெனி ஆற்றங்கரை. வீட்டைச் சுற்றி 65 ஏக்கர் நிலம் இருந்தும் கையில் காசு கிடையாது. ஊரில் ஒரு பசை ஃபேக்டரி. கிழட்டுக் குதிரைகளை அங்கே கொண்டுவந்து பசை காய்ச்சுவார்கள். அந்த நாற்றம்தான் ஊரின் அடையாளம். அம்மா மரியா டீச்சராக இருந்தவர். பெண்ணைக் கையைப் பிடித்துக் காட்டுக்கும் ஆற்றுக்கும் கூட்டிக்கொண்டு போவார். வீட்டுக்குள் பூச்சி வந்துவிட்டால் அடிக்க மாட்டார், பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவார். பிற்காலத்தில் மகள் எதைப் பற்றி எழுதினார் என்று பார்க்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பதினோரு வயதில் ஒரு சிறுவர் பத்திரிகையில் ரேச்சலின் கதை அச்சில் வந்துவிட்டது. எழுத்தாளர் ஆவதுதான் திட்டம். பென்சில்வேனியா பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் எடுத்துச் சேர்ந்தார். ஃபீஸ் கட்ட அம்மா வீட்டிலிருந்த நல்ல பீங்கான் பாத்திரங்களை விற்றார். அங்கே மேரி ஸ்கிங்கர் என்ற பயாலஜி ஆசிரியை. அவர் கிளாஸில் உட்கார்ந்த பிறகு ரேச்சல் டிபார்ட்மென்டையே மாற்றிக்கொண்டார். (நம்ம ஊரில் இது நடக்கணும்னா முதல் வருஷ சிஜிபிஏ, டீன் கையெழுத்து, அப்பாவின் சம்மதம், எல்லாம் வேணும்.) 1929-ல் டிகிரி. அதே கோடையில் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார். 1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் விலங்கியல் முதுகலை. ஆராய்ச்சி, கெளுத்தி மீன் குஞ்சின் சிறுநீரகத்தைப் பற்றி.

பிஎச்.டி பண்ண முடியவில்லை. நாடு முழுக்கப் பொருளாதாரம் படுத்திருந்த நேரம். 1935-ல் அப்பா இறந்தார். மீன்வளத் துறையின் ரேடியோ நிகழ்ச்சிக்கு எழுதித் தரும் பார்ட் டைம் வேலை கிடைத்தது. பிறகு அரசுத் தேர்வு எழுதி, போட்டியிட்ட எல்லோரையும் விட அதிக மார்க் வாங்கி, 1936-ல் அதே துறையில் உயிரியலாளராகச் சேர்ந்தார். அந்தப் பதவி நிலையில் அங்கே சேர்ந்த இரண்டாவது பெண் அவர். மறு வருஷமே அக்கா மரியன் இறந்தார். அக்காவின் இரண்டு பெண் குழந்தைகளும் ரேச்சலிடமும் அம்மாவிடமும் வந்து சேர்ந்தார்கள். ஒரே சம்பளம், சாப்பாட்டுக்கு நாலு பேர். அவர் ஏன் கல்யாணம் பண்ணிக்கலைன்னு கேட்டவர்கள் பின்னால் நிறைய பேர். இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியலை.

கடலைப் பற்றி எழுதிய முதல் புத்தகம் 1941 நவம்பரில் வந்தது. அடுத்த மாதம் பெர்ல் ஹார்பர். புத்தகம் ரெண்டாயிரம் பிரதிகூட விற்கலை. பத்து வருஷம் கழித்து 'தி ஸீ அரௌண்ட் அஸ்' வந்து நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் 86 வாரம் நின்றது. கையில் காசு வந்தது. வேலையை விட்டார். மெய்ன் மாநிலக் கடற்கரையில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார். கதை இங்கேயே முடிந்திருந்தால், கடலைப் பற்றி அழகாக எழுதிய ஓர் ஆசிரியர் என்று மட்டும் இருந்திருப்பார்.

இப்போ டிடிடி கதைக்கு வரணும். அந்த மூலக்கூறு பூச்சியைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939-ல் கண்டுபிடித்தார். போர் நேரத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் டைஃபஸ் பரவியபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேல் அந்தப் பவுடரைத் தூவிப் பேனை ஒழித்தார்கள், நோய் அடங்கியது. 1948-ல் முல்லருக்கு நோபல். அது உண்மையிலேயே உயிர் காத்த மருந்து, அதை மறைக்க வேண்டியதில்லை. பிரச்சினை அதன் பிறகு. போர் முடிந்ததும் அதே சாமான் மளிகைக் கடைக்கு வந்துவிட்டது. குழந்தைகள் அறைக்கென்றே டிஸ்னி பொம்மைப் படம் போட்ட வால்பேப்பர் விற்றார்கள், டிடிடி ஏற்றியது. அம்மாக்களுக்கு அதன் விளம்பரம், பாதுகாப்பு என்று. தெருவில் புகை வண்டி வந்தால் குழந்தைகள் பின்னால் ஓடுவார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் மந்தைவெளி, அடையாறு தெருக்களில் கார்ப்பரேஷன் கொசுப் புகை வண்டி பின்னால் நம்ம பசங்க ஓடுறது அப்படியே ஞாபகம் வரும். மருந்து மாறியிருக்கு, ஓட்டம் மாறலை.

1945-லேயே டிடிடி பற்றிக் கட்டுரை எழுதுறேன் என்று ஒரு பெரிய பத்திரிகையிடம் ரேச்சல் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார்கள்.

1957 தொடக்கத்தில், தான் வளர்த்த அக்கா பெண்களில் ஒருத்தியான மார்ஜரி நிமோனியாவில் இறந்துபோனாள். அவளுடைய மகன் ரோஜருக்கு ஐந்து வயசு. அப்பா இல்லாத பிள்ளை. நம்ம உறவுமுறையில் ரேச்சல் அவனுக்குச் சின்னப் பாட்டி. ஐம்பதை நெருங்கும் வயதில், எண்பதைத் தாண்டிய அம்மாவையும் பார்த்துக்கொண்டு, அவனைச் சட்டப்படி தத்தெடுத்தார்.

அடுத்த ஜனவரியில் ஓல்கா ஹக்கின்ஸ் என்ற தோழியிடமிருந்து கடிதம். மாசசூசெட்ஸில் அவர் வீட்டுத் தோட்டத்தின் மேல் கொசு ஒழிப்புக்காக விமானத்திலிருந்து மருந்து அடித்ததில் பறவைகள் செத்து விழுந்திருந்தன. யாராவது எழுதணும் என்று ஆள் தேடினார் ரேச்சல், கடைசியில் தானே உட்கார்ந்தார். ஒரு கட்டுரை என்று ஆரம்பித்தது நாலு வருஷம் இழுத்தது. நடுவில் 1958 டிசம்பரில் அம்மா போய்விட்டார்.

அதே 1958-ல் கேரளாவில் ஒரு விபத்து. பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கப்பலில் உணவு மூட்டைகளோடு சேர்ந்து வந்து கசிந்தது. அந்த மாவைச் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 'சைலன்ட் ஸ்ப்ரிங்'கில் அந்த மருந்தின் சாவுக் கணக்கு வரும் இடத்தில் இந்தியாவின் பெயரும் இருக்கு. நம்ம நாட்டின் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு விதை போட்டது இந்த விபத்துதான். இன்றைக்கு வாங்கும் டப்பாவின் லேபிளில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? சிவப்பு என்றால் கடும் விஷம், பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. அந்த முக்கோணம் அந்தச் சட்டத்தின் வழியே வந்தது.

புத்தகத்தில் எனக்குத் தூக்கம் போன இடம் ஒன்று. வெனிசுவேலாவுக்குக் குடிபோன ஓர் அமெரிக்கக் குடும்பம். வீட்டில் கரப்பான். எண்ட்ரின் கலந்த ஸ்ப்ரே அடிக்க முடிவு பண்ணினார்கள். கவனமான பெற்றோர்தான். ஒரு வயசுக் குழந்தையையும் நாய்க்குட்டியையும் காலையிலேயே வெளியே எடுத்துப் போனார்கள். அடித்து முடித்துத் தரையையும் கழுவினார்கள். மதியத்துக்கு மேல்தான் இரண்டையும் உள்ளே கொண்டுவந்தார்கள். ஒரு மணி நேரத்தில் நாய் வாந்தியெடுத்து இழுத்துக்கொண்டு செத்தது. இரவு பத்து மணிக்குக் குழந்தைக்கும் வாந்தி, வலிப்பு, நினைவு போனது. உயிர் பிழைத்தது. ஆனால் பார்வை, கேட்பு, அசைவு எதற்கும் பதில் சொல்லாத நிலையில். மாதக் கணக்கில் சிகிச்சை கொடுத்தும் மாற்றமில்லை.

இதைப் படித்தபோது 1950-கள், வெனிசுவேலா, நமக்கென்ன என்று தள்ள முடியலை. 2024 நவம்பரில் நம்ம குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலிக்கு மருந்து வைத்தார்கள். இரவு ஏசி போட்டுக் குடும்பம் தூங்கியது. விடியும்போது எல்லோருக்கும் உடம்பு முடியலை. அப்பா அம்மா ஆஸ்பத்திரியில், சின்னக் குழந்தைகள் இரண்டு பேரும் இறந்துபோனார்கள். பேப்பரில் எல்லோரும் படித்த செய்திதான்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு விஷயம் தெரியும், ஆனால் வீட்டில் சொல்றதில்லை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இருக்கிற காற்றையே உறிஞ்சிக் குளிர வைத்துத் திருப்பி விடும். கதவு ஜன்னலை மூடிய அறையில் எது கலந்திருக்கோ அதுவே சுற்றிச் சுற்றி வரும். அதே அறையில் அப்பாவை விடக் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு காற்று என்று கணக்குப் போட்டால் குழந்தை பெரியவரை விட அதிகமாக மூச்சு இழுக்குது. அது வாழ்றது தரையில். அடித்த மருந்து வந்து படியும் இடமும் தரைதான். கை எப்பவும் வாயில். விஷத்தை உடைக்கும் கல்லீரல் இன்னும் முழுசாகத் தயாராகலை. ரேச்சல் வீட்டைப் பார்த்தது இந்த உயரத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன், முழங்கால் உயரத்திலிருந்து. அலமாரியில் விரிக்கும் காகிதத்தில் பூச்சிமருந்து, தரை மெழுகில் பூச்சிமருந்து, காற்றில் லிண்டேன் ஆவி விடும் கருவி. கடையில் ஊறுகாய் பாட்டிலுக்கு எதிர் வரிசையில், குழந்தை கைக்கு எட்டும் தட்டில், கண்ணாடிப் பாட்டிலில் விஷம். இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதினார்.

அந்த அத்தியாயத்தை மயிலாப்பூரில் எழுதியிருந்தால் என்ன வந்திருக்கும்? சூப்பர் மார்க்கெட்டில் நல்லெண்ணெய்க்கு அடுத்த ரேக்கில் கரப்பான் ஸ்ப்ரே. சமையல் மேடை ஓரம் சாக்பீஸில் போட்ட எறும்புக் கோடு, அதைத் தொட்டு நக்கும் பிள்ளை. பீரோவில் பாச்சை உருண்டை. வெள்ளையாக, கல்கண்டு மாதிரி இருக்கும். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும், பிறந்த குழந்தைக்கு அந்த வாசம் ஏறிய துணியைச் சுற்றினதாலேயே நடந்திருக்கு. தள்ளுவண்டியில் வரும் பினாயிலும் ஆசிடும் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் வரும். தாகம் எடுத்த மூணு வயசுக்கு அது தண்ணீர், அவ்வளவுதான். பாத்ரூமில் ஆசிட் ஊற்றி, போதாதென்று ப்ளீச்சிங் பவுடரையும் போட்டால் வருவது குளோரின் வாயு. இது பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி. எங்க வீட்டு ஞாயிற்றுக்கிழமை க்ளீனிங்கில் இந்தக் கெமிஸ்ட்ரிக்கு மதிப்பு இல்லை.

கொசு விஷயத்தில் மட்டும் நியாயம் பேசணும். அடையாறு ஆறு, பக்கிங்காம் கால்வாய் ஓரம் கைக்குழந்தை வைத்திருக்கிற அம்மாவிடம் போய் எதையும் கொளுத்தாதே என்று சொல்வது சுலபம். டெங்குவுக்குப் பதில் யார் சொல்வது? ஆனால் கொசுவத்தி சும்மா இல்லை. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. ரேச்சல் இந்த இடத்தில் என்ன சொன்னார் என்பதைத்தான் பலரும் படிக்காமல் விடுகிறார்கள். எல்லா மருந்தையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கண்மூடித்தனமாக அடித்தால் பூச்சி பழகிக்கொள்ளும், பிறகு உண்மையில் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது என்றார். பூச்சி வளரும் இடத்தைப் பார் என்றார். சென்னையில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி வளர்வது கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும். தொட்டிக்கு இறுக்கமான மூடி, ஜன்னலுக்கு வலை, குழந்தைக்குக் கொசுவலை. பாட்டி காலத்துச் சமாசாரம்தான், ஆனால் இதில் எதையும் மூச்சில் இழுக்க வேண்டியதில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் உடம்பு விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. 1960 ஏப்ரலில் மார்பில் அறுவை சிகிச்சை. புற்றுநோயா என்று நேரடியாகவே கேட்டார், டாக்டர் உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெண்களிடம் இதைச் சொல்லாமல் மறைப்பது அங்கே சகஜம். வருஷக் கடைசியில் வேறு டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது, அதற்குள் பரவியிருந்தது. (அங்கே இப்படி மூடி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1954-லேயே நம்ம அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய்க்கென்று 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்துவிட்டார். அவருடைய வாழ்க்கையை அடுத்த இதழில் யாராவது எழுதுங்க.) கதிர்வீச்சு சிகிச்சை, மூட்டு வலி, 1961 தொடக்கத்தில் சில வாரம் கண் பார்வையே மங்கல். அப்போ வேறு ஒருவர் வாசிக்கக் கேட்டுத் திருத்தினார்.

1962 ஜூனில் நியூயார்க்கர் பத்திரிகையில் தொடராக வந்தது, செப்டம்பர் 27-ல் புத்தகம். அதற்குள்ளேயே வெல்சிகால் என்ற ரசாயன கம்பெனி பதிப்பாளருக்கு மிரட்டல் கடிதம் அனுப்பியிருந்தது. மான்சான்டோ கிண்டலாக ஒரு பதில் கதையே வெளியிட்டது, பூச்சிமருந்து இல்லாத உலகம் எப்படி நாசமாகும் என்று. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அடுத்த தலைமுறையைப் பற்றி என்ன கவலை என்று கூடப் பேசினார்கள். வீட்டில் பத்து வயசுப் பையனுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரைப் பற்றி!

நோயை அவர் வெளியே சொல்லவே இல்லை. சொன்னால், தனக்கு வந்த கேன்சருக்கு ஆத்திரப்பட்டு எழுதிவிட்டார் என்று எதிராளி சொல்வான், புத்தகத்தின் மதிப்பே போய்விடும் என்பது கணக்கு. தலைமுடி கொட்டியதும் விக் வைத்துக்கொண்டார். 1963 ஏப்ரலில் சிபிஎஸ் டிவியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி. ஐந்து ஸ்பான்சர்களில் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள், நிகழ்ச்சி நடந்தது. கம்பெனி தரப்பில் வெள்ளைக் கோட் போட்ட விஞ்ஞானி உரக்கப் பேசினார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். அடுத்த மாதம் கென்னடி அமைத்த அறிவியல் குழுவின் அறிக்கை பெரும்பாலும் இவர் பக்கம் சாய்ந்தது. ஜூன் 4-ல் செனட் குழு முன் சாட்சி. அங்கே அவர் கேட்டவற்றில் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரரோ அரசாங்கமோ அடிக்கும் விஷம் தன் வீட்டுக்குள் வராமல் இருக்கும் உரிமை. ஃப்ளாட்டில் வசிக்கிற எவருக்கும் இது புரியும். கீழ் வீட்டில் பெஸ்ட் கன்ட்ரோல் பண்ணினால் மேல் வீட்டுக் குழந்தைக்கு யார் சொல்றாங்க?

அமெரிக்காவில் 1972-ல் டிடிடிக்குத் தடை வந்தது. கார்சனால்தான் மலேரியாவில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள் என்று இன்றைக்கும் இன்டர்நெட்டில் ஒரு கூட்டம் சொல்லுது. இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு இதை நம்ப எனக்குக் கஷ்டமா இருக்கு. நாம நிறுத்தவே இல்லையே. 1989-ல் விவசாயத்துக்கு மட்டும்தான் இங்கே தடை வந்தது. கொசு ஒழிப்புக்கு அரசே அதன் பிறகும் பயன்படுத்தியது, ஸ்டாக்ஹோம் ஒப்பந்தமும் அதற்கு இடம் விட்டிருக்கு. அதையெல்லாம் மீறி மலேரியா இங்கே திரும்பி வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அவர் எச்சரித்த மாதிரியே கொசு டிடிடிக்குப் பழகிப்போனது. அவர் எழுதியதில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. புற்றுநோய் பற்றிய அத்தியாயத்தில் அன்றைக்கு இருந்த ஆதாரத்தைத் தாண்டி அழுத்தம் கொடுத்திருக்கிறார். ஆனால் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-ல் டிடிடியை மனிதனுக்குப் புற்றுநோய் தர வாய்ப்புள்ள பொருள் என்ற பிரிவில் வைத்தது.

1963 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேசப் போனபோது சக்கர நாற்காலி. கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றார். 1964 ஏப்ரல் 14 அன்று மேரிலாந்தில் தன் வீட்டில் இறந்தார். வயது 56. அஸ்தியில் பாதி அம்மாவின் பக்கத்தில் புதைக்கப்பட்டது. மீதியைத் தோழி டோரதி ஃப்ரீமேன் மெய்ன் கடலில் கரைத்தார்.

ரோஜருக்கு அப்போ பன்னிரண்டு வயசு. ரெண்டாவது தடவையாக அம்மா இல்லாமல் போனான். பதிப்பாசிரியர் பால் ப்ரூக்ஸ் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்தார். ரோஜரோடு கடற்கரையில் திரிந்ததைப் பற்றி ரேச்சல் 1956-ல் எழுதிய ஒரு கட்டுரை 1965-ல் புத்தகமாக வந்தது. ரெண்டு வயசுகூட ஆகாத அவனைத் தூக்கிக்கொண்டு, டார்ச் அடித்து, மணலில் ஓடும் நண்டு தேடிப் போன இரவு அதில் இருக்கு. பெசன்ட் நகர் பீச்சில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பாருங்க, அதே வகை நண்டுதான், மணல் நிறத்தில், ஓடி நின்று திரும்பிப் பார்க்கும்.